டென்மார்க்கை மடித்துவிட்டார்கள்

சீனாவின் கேண்டன் (இன்றைய குவாங்சோ) துறைமுகத்தைக் காட்டும் பழைய ஓவியத்தின் கேன்வாஸ் பிரதி, 36க்கு 24 அங்குலம். ஆன்லைனில் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்தான் கொடுப்பேன்.

கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் சரக்குச் சீட்டு பார்த்தே தலை நரைத்தவன் நான். ஆசை அங்கிருந்து வந்ததுதான். மூலத்தை வரைந்தவர் பெயர் தெரியாத சீன ஓவியர். ஊர் திரும்பும் வெள்ளைக்கார வியாபாரிகள் வாங்கிப்போகவென்றே, அவர்கள் பாணியில் எண்ணெய் வண்ணத்தில் இப்படி நிறைய வரைந்தார்கள். முத்து ஆற்றங்கரையில் வெளிநாட்டுக் கம்பெனிகளின் கட்டடங்கள் வரிசையாக நிற்கும். வாசலில் அந்தந்த நாட்டுக் கொடி. சதுக்கத்தில் 1847இல் கட்டிய சர்ச் இல்லை, ஆகவே அதற்கு முந்தைய காட்சி. 1856இல் பிடித்த தீயில் அந்த வரிசையே போய்விட்டது.

பெட்டியைப் பிரித்ததும் மகள் கேட்டாள்: "என்னப்பா, துறைமுகம்னீங்க, கப்பலையே காணோம்?" பெரிய கப்பல்கள் இவ்வளவு தூரம் வராதும்மா, கீழே வாம்போவாவிலேயே நங்கூரம் போட்டுவிடும், சரக்கெல்லாம் படகில்தான் வரும் என்றேன். அந்தப் படகுகளுக்காகவே இதை வாங்கலாம். அச்சு அவ்வளவு துல்லியம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்: கட்டைவிரல் நகம் அளவு சம்பான் படகு ஒன்று, பின்பக்கம் துடுப்புப் போடும் பெண், அவள் முதுகில் துணியால் கட்டிய குழந்தை. கரையில் தொப்பிக்காரர்கள் எல்லோரும் ஆண்கள். வெளிநாட்டுப் பெண்கள் அங்கே தங்க அந்தக் காலத்தில் தடை.

குறைக்கு வருகிறேன். விற்பனைப் பக்கத்தில் பழுப்புப் பச்சையாக இருந்த ஆறு, வந்த படத்தில் நீச்சல் குளம் மாதிரி நீலம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மரச்சட்டத்தில் இழுத்து ஒட்டும்போது நாலு பக்கமும் ஒன்றரை அங்குலம் உள்ளே மடிந்துவிட்டது. இடக்கோடியில் இருப்பது டென்மார்க்கின் கட்டடம். சிவப்பில் வெள்ளைச் சிலுவைக் கொடி, கம்பத்தோடு காணோம்! வரிசை இப்போது ஸ்பெயினில் தொடங்குகிறது.

விற்றவருக்கு எழுதினேன். "படம் முழுசா இருக்கு சார், சைடுல பாருங்க" என்று பதில். உண்மைதான். சுவரில் கன்னத்தை ஒட்டி எட்டிப்பார்த்தால் டென்மார்க் தெரிகிறது. வாங்குபவர்கள் சுற்றிலும் இரண்டு அங்குலம் வெள்ளை விட்டு அச்சடிக்கச் சொல்லி, சட்டத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.