பயாஸ் புரோகிராமர் கிட்டோடு வரும் ‘ஃபுல் வெர்ஷன்’ சாஃப்ட்வேர்: எரேஸ் கொடுக்கும் முன் படியுங்கள்

லேப்டாப் பயாஸ் சிப்பை (கணினியைத் தொடக்கும் மென்பொருள் இருக்கும் மெமரி சிப்) படிக்கவும் எழுதவும் உதவும் சிஹெச்341ஏ புரோகிராமர் போர்டு, சிப்பின் எட்டுக் கால்களைப் பிடிக்கும் எஸ்ஓஐசி8 கிளிப், 1.8 வோல்ட் அடாப்டர், கூடவே ‘ஃபுல் வெர்ஷன் சாஃப்ட்வேர்’ என்று ஆன்லைனில் விற்ற கிட் இது. வந்தது ஃபுல் வெர்ஷன் அல்ல, ஷேர்வேர்; அதாவது பணம் கட்டும்வரை ட்ரையல் மோடில் மட்டும் ஓடுவது. நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடு என்று ஒரு குறிப்பு வேறு. அதைக் கண்டதுமே அந்த சாஃப்ட்வேரை நீக்கிவிடலாம்.

பெரிய வில்லங்கம் அதன் ட்ரையல் மோடில் இருக்கிறது. 64 மெகாபிட் சிப்பைப் படித்தால் 8,388,608 பைட் கோப்பு கிடைக்கிறது. அளவு கச்சிதமாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் முதல் பாதி மட்டும்தான் சிப்பிலிருந்து வந்தது, மீதி முழுக்க எஃப்எஃப், அதாவது வெற்று பைட். இன்டெல் லேப்டாப்களில் சிப்பின் தொடக்கத்தில் டிஸ்கிரிப்டர் (எந்தப் பகுதி எங்கே என்று சொல்லும் பட்டியல்), அதன் பின் எம்இ (இன்டெலின் மேனேஜ்மென்ட் எஞ்சின் மென்பொருள்), பயாஸ் பகுதி பெரும்பாலும் கடைசியில். ஆக, எது முக்கியமோ அதுவே பேக்கப்பில் இல்லை. இந்தக் கோப்பை நம்பி எரேஸ் கொடுத்து சிப்பை அழித்தால் சீரியல் நம்பரும் விண்டோஸ் கீயும் சேர்ந்து போகும். கம்பெனி தளத்தில் கிடைக்கும் பயாஸ் கோப்பில் அவை இருக்காது.

எழுதப் போனால் லைசென்ஸ் கீ கேட்கிறது. யுபிஐயில் பணம் போட்டால் வரும் கீ விண்டோஸை மறுபடி நிறுவியதும் செல்லாது. விற்றவர் அதன் பிறகு போனை எடுப்பதில்லை. அந்தப் பணமே வீண்: லினக்ஸில் ஃப்ளாஷ்ராம், விண்டோஸில் ஆஸ்புரோகிராமர் இரண்டும் இதே போர்டில் ஓடும், இரண்டும் ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது.

எதில் படித்தாலும் இரண்டு முறை படித்து இரு கோப்புகளின் ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) ஒப்பிடுங்கள். வேறுபட்டால் கிளிப் சரியாக உட்காரவில்லை, அல்லது மதர்போர்டு மின்சாரத்தை இழுக்கிறது. சார்ஜர், பேட்டரி, சீமாஸ் செல் (மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரி) மூன்றையும் கழற்றிப் பாருங்கள்; அப்போதும் ஒத்து வராவிட்டால் சிப்பை டீசோல்டர் செய்து, அதாவது ஈயத்தை உருக்கிக் கழற்றிப் படிப்பதுதான் வழி. ஹாஷ் பொருந்தினால் மட்டும் போதாது, ட்ரையல் மோடின் பொய்க் கோப்பும் இரண்டு முறையும் ஒன்றாகவே வரும். பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் கோப்பைத் திறந்து கடைசிக்குப் போங்கள். நடுவில் ஆங்காங்கே எஃப்எஃப் இருப்பது சகஜம். கடைசி 16 பைட்டும் எஃப்எஃப் என்றால் அந்த பேக்கப் செல்லாது. சிப்பை இன்னும் அழிக்கவில்லையென்றால் கவலை இல்லை, வேறு சாஃப்ட்வேரில் மறுபடி படித்துக்கொள்ளலாம்.

போர்டும் யோக்கியமில்லை. கறுப்பு நிற போர்டுகள் பலவற்றில் மெமரி சிப்புக்குப் போகும் சப்ளை 3.3 வோல்ட், டேட்டா லைன்கள் மட்டும் 5 வோல்ட். உதாரணமாக வின்பாண்ட் 25க்யூ64எஃப்வி என்ற மெமரி சிப்பின் கால்கள் தாங்குவது சப்ளைக்கு மேல் 0.4 வோல்ட், அதாவது 3.7 வரைதான். உடனே சாகாமல் சில சிப்புகள் தாக்குப்பிடிப்பதால் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. மல்டிமீட்டரை சிஹெச்341ஏ ஐசியின் 28ஆம் காலில் வையுங்கள். 5 வோல்ட் காட்டினால் அந்தக் காலைத் தூக்கி, 9ஆம் காலோடு சேர்த்து ரெகுலேட்டரின் 3.3 அவுட்புட்டில் ஜம்பர் போட வேண்டும். பெயர் எஃப்டபிள்யூ என்று முடியும் வின்பாண்ட் சிப்புகள் 1.8 வோல்ட், அடாப்டர் இல்லாமல் தொடவே கூடாது.

கீ வாங்கப் பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள். பொருள் பற்றிய புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915. ‘ஃபுல் வெர்ஷன்’ என்று போட்டிருக்கும் விற்பனைப் பக்கத்தை முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள், புகார் போனதும் அந்த வரியை மாற்றிவிடுவார்கள்.