விபாசனா கற்று ஏழு வருடம்: என்னிடம் தங்கியது எது

2018 டிசம்பரில், சென்னையை ஒட்டிய திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது மையத்தில் பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போனேன். விடிகாலை 4 மணிக்கு மணியடிக்கும். பத்தாம் நாள் காலை வரை பேச்சு கிடையாது. இந்தத் தியான முறையைப் பரப்பிய ஆசிரியர் கோயங்காவின் பதிவுக்குரல் வழிநடத்தும். முதல் மூன்றரை நாள் மூச்சு மட்டும், அப்புறம் தலை முதல் கால் வரை உடலில் எழும் உணர்வுகள். கட்டணம் இல்லை. இதெல்லாம் பலரும் எழுதியதுதான். வீட்டுக்கு வந்தபின் என்ன ஆனது என்பதைச் சொல்கிறேன்.

காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லி அனுப்பினார்கள். எட்டு மாதம் தாக்குப்பிடித்தேன். பிறகு மாலை நழுவியது. இப்போது காலையில் 40 நிமிடம், சில வாரம் அதுவும் இல்லை. எல்லாம் போயிற்று என்று வருந்திக்கொண்டிருந்தபோதுதான், விழிப்போடு இருப்பதைப் பற்றிய புத்தரின் உரையான ‘சதிபட்டான சுத்த’த்தை நிதானமாகப் படித்தேன். நடக்கையில், கையை மடக்கி நீட்டுகையில், உண்கையில், மலஜலம் கழிக்கையில்கூடத் தெளிந்த அறிவோடு இருக்கச் சொல்கிறார் புத்தர். கழிவறையைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

தூக்கம் மேம்படவில்லை. கைபேசியை நோண்டும் பழக்கமும் போகவில்லை. மனநலச் சிக்கல் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் முகாமுக்குப் போகவே வேண்டாம்.

ஆனால் அப்பா விஷயத்தில் இந்தப் பயிற்சிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அவருக்கு 82 வயது, நினைவு மங்கிவருகிறது. "பென்ஷன் வந்துருச்சாம்மா?" என்று ஒரு சாயங்காலத்தில் பத்துத் தடவை கேட்பார். முன்பெல்லாம் நான்காம் தடவையில் கத்திவிடுவேன். இப்போது, வாய் திறப்பதற்கு முன் வயிற்றுக்கு மேலே ஒரு சூடு கிளம்புவதும் தாடை இறுகுவதும் தெரிகிறது. புத்தரின் உரைகள் உள்ள பாலி மொழியில் இது வேதனா, அதாவது எழும் உணர்வு. நம் மணிமேகலை இதை நுகர்வு என்கிறது. ஒன்றைச் சார்ந்து இன்னொன்று எழுவதாக அது சொல்லும் சார்பு வரிசையில் நுகர்வை அடுத்து வருவது வேட்கை. இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சளவு இடம் இருக்கிறது. எனக்குக் கிடைத்தது அந்த இடம்தான்.

அங்கே நின்றபோதுதான் அவர் கட்டைவிரலைக் கவனித்தேன். கேட்கும்போதெல்லாம் துண்டின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. ஒற்றைச் சம்பளத்தில் ஐந்து பேருக்குச் சோறு போட்டவரின் கவலை அந்த விரலில் இருந்தது. எத்தனை வருடமாகத் தேய்க்கிறாரோ!

நேற்று ஏழாவது தடவை கேட்டபோது பாஸ்புக்கை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சத்தமாகப் படித்தார். படித்து முடிக்கும்வரை அந்த விரல் துண்டைத் தேடவில்லை.