நாலு விரல் இடம்

2019-ல் மதுரையில் இந்த வீட்டுக்கு வந்தபோது, சமையலறை மர வேலையோடு ஃபிரிட்ஜுக்கும் ஒரு கூடு அடிக்கச் சொன்னேன். ஆசாரி 260 லிட்டர் டபுள் டோரை அளவெடுத்து, கச்சிதமாக உள்ளே தள்ளிவிட்டார். பக்கத்தில் விரல்கூட நுழையாது. பார்க்க அவ்வளவு அழகு. அந்த அழகுக்கு மூன்று வருஷம் தண்டம் அழுதேன்.

முதலில் காட்டிக்கொடுத்தது இட்லி மாவு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டி உள்ளே வைத்தது, செவ்வாய்க்கிழமையே புளித்துப் பொங்கி மூடியைத் தூக்கியது. உளுந்து கூடிப்போச்சு என்றாள் மனைவி. நான் கதவு ரப்பரைச் சந்தேகப்பட்டு, குளிர் அளவைக் கடைசி வரை ஏற்றி வைத்தேன். சித்திரை வெயிலில் கம்ப்ரஸர் மூச்சுவிடாமல் ஓடும். திடீரென்று ‘டக்’ என்று நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உறுமும்.

முதலில் வந்த மெக்கானிக் கேஸ் குறைவு என்று நிரப்பிவிட்டுப் பணம் வாங்கிப் போனார். ஒன்றும் மாறவில்லை. அடுத்து வந்தவர் கருவியையே எடுக்கவில்லை. ஃபிரிட்ஜை ஒரு முழம் வெளியே இழுத்து, “பக்கவாட்டில் கையை வைங்க சார்” என்றார். இஸ்திரிப் பெட்டி இப்போதுதான் ஓடிய சட்டை மாதிரி சுட்டது.

பழைய ஃபிரிட்ஜ்களில் முதுகில் கறுப்புக் கம்பி வலை தெரியுமே, அதுதான் சூட்டை வெளியே விடும் இடம். என்னுடையதில் அந்தக் குழாய் பக்கவாட்டுத் தகட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. உள்ளே இருக்கும் சூட்டை இழுத்து வெளியே கொட்டுவதுதான் ஃபிரிட்ஜின் வேலை. கம்ப்ரஸரின் சொந்தச் சூடும் அதோடு சேரும். வெளியேற வழியில்லாமல் அது கூட்டுக்குள்ளேயே தேங்கினால், கேஸ் சரியாகக் குளிராது. கம்ப்ரஸர்தான் கிடந்து தவிக்கும்.

பலகையை அறுத்து இருபுறமும் நாலு விரல், பின்னால் அதைவிடக் கொஞ்சம் கூடுதல், மேலே நன்றாகத் திறப்பு விட்டோம். மேனுவலில் படமே போட்டிருக்கிறார்கள், யார் படித்தது? அத்தை பின்னிக் கொடுத்த, இருபுறமும் தொங்கும் உறையையும் எடுத்துவிட்டேன். அவருக்கு இன்னும் வருத்தம்தான்.

இப்போது கம்ப்ரஸர் இடையிடையே ஓய்வெடுப்பது காதுக்குத் தெரிகிறது. மாவு வியாழன் வரை தாங்குகிறது. ஏசி போடாத மாதங்களை ஒப்பிட்டால், இரண்டு மாத பில்லில் முப்பது யூனிட் போலக் குறைந்திருக்கிறது.

ஒரே தொல்லை, அந்த இடுக்கைப் பார்த்தாலே வீட்டில் எல்லாருக்கும் எதையாவது சொருகத் தோன்றுகிறது. நேற்றுகூட ஒரு தாம்பாளமும் இரண்டு துணிப்பையும் உருவினேன்.