அக்காவோட அங்கி தைச்ச வேப்பேரி கடை

போன வருஷம் எங்க அக்காவுக்கு டீக்கன் ஆர்டினேஷன், அதாவது ஆயர் ஆகுறதுக்கு முதல் படியா குடுக்குற பட்டம். சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை) சென்னைப் பேராயம், கதீட்ரல் ரோடு செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல வச்சு. 1947 செப்டம்பர் 27ல தென்னிந்திய திருச்சபை உருவானதே அந்தக் கோயில்லதான், அங்க நம்ம வீட்டுப் பொண்ணு முழங்கால் போடப் போறான்னு அப்பாவுக்கு ஒரு மாசமா தூக்கமே இல்ல. ஆனா 18 நாள் பாக்கி இருக்கும்போது அக்காகிட்ட போட்டுக்குற மாதிரி ஒரு அங்கி இல்ல. இதே நிலைமையில வேற யாராவது இருப்பீங்க, முக்கியமா லேடீஸ், அதுக்குத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல ஒரு பெரிய கடையில குடுத்திருந்தோம், பேர் வேணாம். உள்ள போனதும் கேட்ட முதல் கேள்வி "ஐயா வரலையா, அளவு எடுக்கணுமே". அக்காவை பாஸ்டரோட வீட்டுக்காரம்மான்னு நினைச்சுட்டாங்க. இவங்களுக்குத்தான்னு சொன்னப்புறமும் ஆம்பளைங்களுக்கு வெட்டுற அதே அளவுலதான் வெட்டியிருக்காங்க, தோள் ரெண்டும் கையில வந்து நிக்குது, நெஞ்சுகிட்ட பட்டன் போட முடியல, துணி முழுக்க பாலியஸ்டர், மே மாச வெயில்ல பத்து நிமிஷம் போட்டுப் பாத்ததுக்கே முதுகு நனைஞ்சு போச்சு. 2013லயே நந்தியால்ல புஷ்பலலிதா அம்மா சிஎஸ்ஐயோட முதல் பெண் பேராயர் ஆயாச்சு, இன்னும் அளவெடுக்க ஐயாவைத் தேடுறாங்கன்னா எனக்கு தாங்கவே இல்ல. அக்கா என்னடான்னா "பரவால்ல டா, பின் குத்திக்கிறேன்" அப்படின்றா.

எனக்கு அதான் ரொம்ப வருத்தம். நல்ல வேலையில இருந்தவ, கர்த்தர் கூப்பிடுறார்னு வீட்ல சொல்லவே ரெண்டு வருஷம் எடுத்துக்கிட்டா, அப்புறம் பாஸ்டரேட் (சேகரம், ஒரு ஆயர் பாக்குற சபைங்க) கமிட்டி சிபாரிசு, பேராயத்துல இன்டர்வியூ, கீழ்ப்பாக்கம் குருக்குல் இறையியல் கல்லூரியில பி.டி. படிப்பு (இறையியல் டிகிரி, செராம்பூர் பல்கலைக்கழகத்துலேர்ந்து வரும்), முடிச்சுட்டு திருவள்ளூர் பக்கம் ஒரு சேகரத்துல பயிற்சி. இவ்ளோ தூரம் வந்தவ பின் குத்திக்கிட்டு பேராயர் முன்னாடி போகணுமா?

எங்க சபை ஆயர்தான் இந்தக் கடைய சொன்னாரு. வேப்பேரி மெயின் ரோட்டுலேர்ந்து உள்ள போற சந்துல மாடிப்படிக்கு கீழ ரெண்டு மெஷின், அவ்ளோதான், போர்டு கூட கிடையாது. தைக்கிற அண்ணனுக்கு அறுபது தாண்டியிருக்கும். அக்காவைப் பாத்ததும் "வாங்கம்மா, எப்ப ஆர்டினேஷன்?"னு கேட்டாரு. அங்கயே எனக்கு பாதி மனசு ஆறிடுச்சு.

டேப்பை கையிலயே எடுக்கல, முதல்ல கேள்விதான். புடவை மேல போடுவீங்களா சுடிதார் மேலயா, ஸ்கூட்டியா பஸ்ஸா, சேகரத்துல எத்தனை கோயில், அடக்க ஆராதனை மாசத்துக்கு எத்தனை வரும். இதெல்லாம் எதுக்குன்னு நான் நினைச்சேன், ஒவ்வொண்ணுக்கும் தையல்ல ஒரு பதில் வச்சிருக்காரு. டீக்கனுக்கு ஸ்டோல் (அங்கி மேல போடுற நீளமான துணிப்பட்டை) இடது தோள்லேர்ந்து குறுக்க வரும், பிரெஸ்பிட்டர் (முழு ஆயர்) ஆனப்புறம்தான் கழுத்தைச் சுத்தி ரெண்டு பக்கமும் தொங்கும். புடவை முந்தானை மடிப்பும் அதே இடது தோள், அதுக்கு மேல அங்கி, அதுக்கும் மேல ஸ்டோல், எல்லாம் ஒரே இடத்துல குமிஞ்சு ஆராதனை நடுவுல சரிஞ்சுக்கிட்டே இருக்கும். அதுக்கு இடது தோளை மட்டும் கொஞ்சம் தாராளமா வெட்டி, ஸ்டோலைப் பிடிச்சு நிறுத்த உள்ள ஒரு சின்ன லூப் வச்சுட்டாரு. வெளிய தெரியவே தெரியாது.

கை ரொம்ப அகலமா இருந்தா நற்கருணை நேரத்துல பாத்திரத்துல இடிக்கும், ரொம்ப இறுக்கமா இருந்தா ஞானஸ்நானத்துக்கு மடிச்சு விட முடியாது, குழந்தையை ஒரு கையில தூக்கிட்டு இன்னொரு கையால தண்ணி எடுக்கணுமே. அதனால நடுவுல ஒரு அளவு, மணிக்கட்டுல ஒரு பட்டன். கீழ் விளிம்பு கணுக்காலுக்கு ஒன்றரை இன்ச் மேல. ஏன்னு கேட்டா, மழைக்காலத்துல கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்துல குழிகிட்ட நின்னு மண் எடுத்துப் போடணும்ல, தரைய தொடுற அங்கின்னா சேறு ஏறிடும், அதே அங்கியோட அடுத்த வீட்டுக்கு ஜெபிக்கப் போக முடியுமான்னாரு. துணி டெரிகாட்டன், சுத்த காட்டன்னா மத்தியானத்துக்குள்ள கசங்கிடும்னு அவரே வேணாம்னுட்டாரு. நாலரை மீட்டர் நாங்களே வாங்கிக் குடுத்தோம், தையல் கூலி 1,800 ரூபா. பெரிய கடையில வாங்கினதுல பாதி கூட இல்ல.

கழுத்துக்கு உள்பக்கம் ரெட்டைத் தையல் போட்டிருந்தாரு. யாத்திராகமம் 28ல ஆரோனோட அங்கிக்கு கழுத்து கிழியாம சுத்தி விளிம்பு வைக்கச் சொல்லியிருக்கு, நான் புதுசா ஒண்ணும் பண்ணலன்னாரு. அதுக்கு அக்கா, தமிழர்ல முதல் புராட்டஸ்டன்ட் குருவானவர் பேரும் ஆரோன்தான், தரங்கம்பாடியில 1733ல அவருக்கு பட்டம் குடுத்தாங்கன்னு சொன்னா. அவர் மெஷினை நிறுத்திட்டு கேட்டாரு. அப்புறம்தான் அவங்க அப்பா பத்தி சொன்னாரு. செங்கல்பட்டு பக்கம் ஒரு கிராமத்துல உபதேசியாராம். ஆயர் மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவாரு, மத்த நாள் எல்லாம் ஜெபம் பண்றது, வியாதிக்காரங்களைப் பாக்குறது, ராத்திரி சாவுக்கு ஓடுறது எல்லாம் இவங்க அப்பாதான். சைக்கிள்ல நாலு ஊரு. பட்டமும் இல்ல அங்கியும் இல்ல, ஒரே ஒரு வெள்ளை ஜிப்பா, அதை அம்மா ராத்திரி துவைச்சு காலையில போட்டுட்டுப் போவாராம். ஆயருங்களோட ஒரு நாள் எப்படி இருக்கும்னு இவ்ளோ தெரிஞ்சு தைக்கிறது எங்கேர்ந்து வந்ததுன்னு அப்பதான் எனக்கு புரிஞ்சது.

குறையும் சொல்லிடுறேன். சொன்ன தேதிக்கு நாலு நாள் லேட், எங்களுக்கு வயித்துல புளியைக் கரைச்சிடுச்சு. போட்டுப் பாக்க தனி இடம் கிடையாது, லேடீஸுக்கு அது கஷ்டம், தைக்கிற அண்ணனோட வீட்டம்மா எங்க அக்காவை மேல கூட்டிட்டுப் போனாங்க. ஜிபே இல்ல, கேஷ்தான். காலர்ல வைக்கிற வெள்ளைப் பட்டை அவர் விக்கிறதில்ல, அதை வெளிய தேடணும்.

ஆர்டினேஷன் அன்னைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆராதனை, அக்கா ஒரு தடவை கூட தோளைத் தொட்டு சரி பண்ணல. நான் அதையேதான் பாத்துட்டு இருந்தேன். இப்போ ஒரு வருஷம் ஆச்சு, ஞாயித்துக்கிழமை ரெண்டு கோயில், சாயங்காலம் அடக்கம்னு வந்தா ஒரே அங்கி வேர்வையில நனைஞ்சுடுது, ரெண்டாவது ஒண்ணு கண்டிப்பா வேணும்னு அவர் அப்பவே சொன்னாரு, நாங்கதான் கேக்கல. போன வாரம் துணி குடுத்துட்டு வந்தாச்சு.

கடை அட்ரஸ் போட வேணாம்னு அண்ணன் சொல்லிட்டாரு, கூட்டம் தாங்க முடியாதாம். வேப்பேரி, புரசைவாக்கம் பக்கத்து சபைங்கள்ல ஆயரைக் கேட்டா வழி சொல்வாங்க. ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் முன்னாடி மாசம் போகாதீங்க, ஆர்டினேஷன் தேதி தெரிஞ்ச அன்னைக்கே போங்க, புடவை மேல போடுறதா இருந்தா அளவு குடுக்கவும் புடவையிலயே போங்க.