மூன்று துண்டு சேஃப்டி ரேசர்: ஷேவ் அருமை, மரைத்தண்டு மோசம்

கார்ட்ரிஜ் விலை கட்டுப்படியாகவில்லை, எந்த சேஃப்டி ரேசர் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் பேச்சு பிளேடு இடைவெளி எத்தனை மில்லிமீட்டர், எடை எத்தனை கிராம் என்றே ஓடுகிறது. என்னைக் கேட்டால் முதலில் கைப்பிடியைக் கழற்றச் சொல்வேன். மேல்மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்று மூன்று துண்டாகப் பிரியும் ரேசர் இது, மூடியும் அடித்தட்டும் சேர்ந்ததுதான் தலை, இரண்டுக்கும் நடுவில் பிளேடு. மேல்மூடியின் நடுவில் மரை போட்ட ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அது எந்த உலோகம் என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு கடை பாருங்கள்.

என் ரேசரில் அந்தத் தண்டு அடியோடு ஒடிந்து, மேல்மூடியை மாற்ற வேண்டியதாகிவிட்டது. கோபம் இன்னும் ஆறவில்லை. கம்பெனி பெயர் வேண்டாம், ஏனென்றால் இந்தக் குறை ஒரு கம்பெனியோடு நிற்பதில்லை. நடுத்தர விலையில் விற்கும் பெரும்பாலான ரேசர்களின் தலை ஜமாக் என்னும் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்ததுதான். சுமார் 4 சதவீதம் அலுமினியம், மீதி ஏறக்குறைய முழுக்கத் துத்தநாகம், மேலே பளபளவென்று குரோமியப் பூச்சு. பெயர்பெற்ற ஜெர்மன், ஆங்கிலேய மாடல்கள் பலவும் இதில் அடக்கம்.

என் ரேசரின் ஷேவைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாது. சீப்புப் பல் இல்லாத நேர்விளிம்பு அடித்தட்டு, மிதமான இடைவெளி, பிளேடை விளிம்பு வரை அழுத்திப் பிடிக்கும் மூடி. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். பிளேடின் தடிமன் வெறும் 0.1 மி.மீ. வளைத்து இறுக்கினால்தான் அதற்கு விறைப்பு வரும். பிடிப்பு விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி இருந்தால், மோவாயில் கெட்டியான முடியைத் தொட்டதும் பிளேடு அதிரும். மறுநாள் கழுத்தில் வரும் எரிச்சலுக்கும் சிவந்த புள்ளிகளுக்கும் ஒரு காரணம் அந்த அதிர்வு. இந்தத் தலையில் அது இல்லவே இல்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு மென்மையான தலையும் கூர்மையான பிளேடும்தான் சரியான சேர்க்கை. மழுங்கலான பிளேடை முரட்டு ரேசரில் போட்டுச் சமாளிக்கப் பார்ப்பவர்கள்தான் முகத்தைக் கீறிக்கொள்கிறார்கள்.

கோணம் பிடிப்பதும் எளிது. மூடியின் முதுகைக் கன்னத்தில் படுக்கவைத்து, முடி அறுபடும் சத்தம் கேட்கும் வரை கைப்பிடியை மெல்லத் தாழ்த்துங்கள். சத்தம் வரும் இடத்தில் பிளேடுக்கும் தோலுக்கும் இடையே சுமார் 30 டிகிரி இருக்கும். அப்படியே மணிக்கட்டை மடக்காமல் இழுக்க வேண்டும். கார்ட்ரிஜ் பழகிய கை தானாக அழுத்தும். இங்கே ரேசரின் எடையே போதும். முதல் சுற்று முடி வளரும் திசையில், மறுபடி நுரை பூசி இரண்டாம் சுற்று குறுக்கே. தாடையிலிருந்து தொண்டை வரை முடி பலருக்கும் பக்கவாட்டில் சுழித்து வளரும். இரண்டு நாள் வளரவிட்டு விரலால் தடவிப் பாருங்கள், எந்தப் பக்கம் தடவினால் குத்துகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் வளரும் திசை.

இனி தண்டு விஷயம். இந்த வகை ரேசரில் பிளேடின் துளைக்கும் மூடியிலுள்ள முளைகளுக்கும் இடையே கொஞ்சம் ஆட்டம் இருக்கும். மாட்டியதும் முன்னாலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் பிளேடு அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் துருத்திக்கொண்டு நிற்கும். உடனே எல்லோரும் செய்வது, கைப்பிடியை இன்னும் ஒரு திருகு இறுக்குவது. கோணலாக உட்கார்ந்த பிளேடு இறுக்கினால் நேராகாது, கோணலாகவே இறுகும். அந்த இறுக்கமெல்லாம் 5 மி.மீ. தடிமனுள்ள வார்ப்புத் தண்டின் அடியில் போய் விழுகிறது. முதலில் தேய்வது மரையின் முகட்டில் இருக்கும் குரோமியம். அது போனதும் துத்தநாகம் தண்ணீரில் திறந்து கிடக்கும்.

அப்புறம் வேதியியல் தன் வேலையைக் காட்டும். கைப்பிடி பித்தளை அல்லது ஸ்டீல், தண்டு துத்தநாகம், நடுவில் சோப்பு கலந்த ஈரம். இந்தக் கூட்டணியில் அரிபடுவது எப்போதும் துத்தநாகம்தான். ஜிஐ பைப்பில் இரும்பைக் காப்பாற்றத் துத்தநாகப் பூச்சு தன்னைக் கரைத்துக்கொள்வதும் இதே விதிப்படிதான். அங்கே அது வரம், இங்கே சாபம். மரையின் பள்ளத்தில் வெள்ளை மாவு மாதிரி படிந்திருந்தால் அது சோப்பு என்று விட்டுவிடாதீர்கள். டூத்பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். மாவு போன இடத்தில் மங்கலான சாம்பல் நிறமும் ஊசிமுனைக் குழிகளும் தெரிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. அதற்கப்புறம் ஒருமுறை வாஷ்பேசினில் கைதவறி விழுந்தால் போதும், தண்டு முறிந்துவிடும்.

கடலோரச் சென்னையின் போர்வெல் தண்ணீருக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அதிலுள்ள குளோரைடு அரிப்பை வேகப்படுத்தும். கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகி மரைக்குள் தங்கும். நுரை எழும்பாததற்கும் அதுவே காரணம், சோப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. நுரைக்கு மட்டும் ஒரு டம்ளர் ஆர்ஓ தண்ணீரோ மழைநீரோ எடுத்து, பிரஷ்ஷையும் அதிலேயே நனையுங்கள். வித்தியாசம் முதல் நாளே தெரியும். ஆர்ஓ மெஷின் கழித்து வெளியே தள்ளும் தண்ணீரை எடுத்துவிடாதீர்கள், அதில் உப்பு இன்னும் கூடுதல்.

வெள்ளைக் கறையைப் போக்க வினிகரிலும் எலுமிச்சைச் சாற்றிலும் ஊறப்போடச் சொல்பவர்கள் நிறைய. ஸ்டீல் ரேசருக்கு அது சரி. பூச்சு கீறிய ஜமாக் தலைக்கு அது விஷம், அமிலம் கறையோடு துத்தநாகத்தையும் சேர்த்துக் கரைக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, பழைய டூத்பிரஷ், இவ்வளவே போதும்.

பிளேடு மாற்றும் முறை தெரிந்தால் பாதிப் பிரச்சினை குறையும். மூடியைத் தலைகீழாக மேசையில் வையுங்கள், தண்டு மேலே பார்க்கட்டும். பிளேடு, அதன்மேல் அடித்தட்டு, பிறகு கைப்பிடி. இறுகப்போகும் தறுவாயில் நிறுத்தி, கூர் இல்லாத இரண்டு குட்டை ஓரங்களையும் விரல்களால் பிடித்து பிளேடை நேராக்குங்கள். பிடித்தபடியே விரல் நுனியால் இறுக்குங்கள். உள்ளங்கை பலம் தேவைப்பட்டால் எங்கோ ஏதோ சரியில்லை. ஷேவ் முடிந்து அலசியதும் கைப்பிடியை அரைச் சுற்று தளர்த்தி வைத்தால் மரைக்குள் காற்று போய் ஈரம் காயும்.

தண்டு ஒடிந்தபின் ஒட்டிப் பார்ப்பது வீண். அரால்டைட் அந்த முறுக்கைத் தாங்காது. துளை போட்டு ஸ்டீல் போல்ட் வைக்கலாம் என்று லேத் பட்டறையில் சொல்வார்கள், ஆனால் மூடியில் ஆழமான மரை பிடிக்கும் அளவுக்குச் சதை இல்லை, போல்ட் மேலே எட்டிப் பார்க்கும். தலை மட்டும் தனியாகக் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். ஐரோப்பிய மூன்று துண்டு ரேசர்கள் பலவற்றில் எம்5 (5 மி.மீ.) மரைதான் என்பதால் பழைய கைப்பிடி பெரும்பாலும் பொருந்தும். இந்த வகைக்கு உள்ள உண்மையான பெருமை அது. தலை இரண்டு கதவாகத் திறக்கும் பட்டாம்பூச்சி வகையில் பிளேடு மாற்றுவது சுகம்தான், ஆனால் உப்புத் தண்ணீர் கீலில் ஏறிக் கதவு சிக்கிக்கொண்டால் மொத்த ரேசரும் போச்சு.

வாங்கும்போது காந்தச் சோதனையை நம்பாதீர்கள். காந்தம் ஒட்டாததால் நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று காட்டுவார்கள். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் ஒட்டாது, சரி. பித்தளையிலும் ஒட்டாது, துத்தநாகத்திலும் ஒட்டாது. "ஹெவி மெட்டல்", "அலாய்" என்று மட்டும் எழுதியிருந்தால் ஜமாக் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "ஸ்டீல் கைப்பிடி" என்று பெரிதாகப் போட்டிருந்தால் தலையைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். ஜில்லெட் 1903இல் முதன்முதலாக விற்ற ரேசர் பித்தளை. 1938இல் வந்த ஜில்லெட் டெக் என்ற மாடலின் பித்தளைத் தலைகள் இன்றும் ஷேவ் செய்கின்றன. நூறாண்டுக்கு முன்பே தெரிந்த விஷயத்தை இன்று காசு மிச்சம் பிடிக்கக் கைவிடுகிறார்கள் என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது. அந்தத் தண்டை மட்டுமாவது தனி ஸ்டீலில் செய்து மூடியில் பதித்திருக்கலாமே!

பிளேடைப் பற்றிப் புகார் இல்லை. ஒன்று சில ரூபாய்தான், இரு பக்கமும் கூருள்ள சாதாரண பிளேடு எந்தக் கம்பெனியுடையதானாலும் இந்த வகை ரேசரில் பொருந்தும். நாலைந்து ஷேவில் இழுக்கத் தொடங்கினால் மாற்றிவிடுங்கள். பழையதைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள். மூடியில் கீறல் போட்ட தகர டப்பா ஒன்றில் சேர்த்து, நிரம்பியதும் டேப் ஒட்டி, மேலே "பிளேடு" என்று எழுதிக் கொடுங்கள். தூய்மைப் பணியாளர்கள் குப்பையைக் கையால் பிரிக்கிறார்கள்.

இதே விலையில் இவ்வளவு மென்மையாகச் ஷேவ் செய்யும் தலை வேறு எனக்குத் தெரியாது. இருந்தும் வாங்காதீர்கள் என்றே சொல்வேன். கொஞ்ச மாதம் காசு சேர்த்து, தலையும் தண்டும் 316எல் ஸ்டீலிலோ பித்தளையிலோ கடைந்த ரேசராகப் பாருங்கள். ஏற்கெனவே ஜமாக் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே கைப்பிடியைக் கழற்றி மரையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சாம்பல் நிறம் தெரிந்தால், அந்த மாடலுக்குத் தலை தனியாக விற்கும்போதே ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள்.