வன்னியில் படப்பிடிப்பு: கொழும்புக் கம்பனியா, யாழ்ப்பாண ஃபிக்ஸரா, ஊர் ஆளா?

லண்டன், ரொறன்ரோ, சென்னை என்று எங்கிருந்து கமெராவோடு வந்தாலும், வன்னியில் இறங்க முதல் உள்ளூரில் ஒரு ஆளைப் பிடித்தே ஆகவேண்டும். தெரிவு நாலு: கொழும்பில் இருக்கும் தயாரிப்பு ஒருங்கிணைப்புக் கம்பனி, யாழ்ப்பாணத்து ஃபிக்ஸர் (வெளியிலிருந்து வரும் குழுவுக்கு ஆள், இடம், மொழிபெயர்ப்பு ஒழுங்குசெய்து தருபவர்), கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ குடியிருக்கும் ஆள், வான் வைத்திருக்கும் உங்கள் சொந்தக்காரர் (உறவினர்). நாட்கூலியை வைத்து இவர்களைத் தரம் பிரிப்பது பிழையான தராசு. கடதாசி வேலை கொழும்பில் கிடக்கிறது, நிலம் வன்னியில் கிடக்கிறது. இரண்டையும் நானே பார்த்துத் தருவேன் என்று ஒருவர் சொன்னால், அதில் ஒன்று ஓட்டையாகத்தான் இருக்கும்.

கொழும்புக் கம்பனி

இவர்களுக்குக் கொடுக்கும் காசு கடதாசிக்கும் சுங்கத்துக்கும் கொடுக்கும் காசு. அந்த வேலையில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. கதைப்படம் என்றால் தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனம்; திரைக்கதை, ஆட்பட்டியல், கருவிப்பட்டியலோடு விண்ணப்பத்தைக் கொண்டுபோவது உள்ளூர் நிறுவனம். செய்தி, நடப்பு விவகாரம் என்றால் அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் ஊடக அங்கீகாரம். ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையும் பாதுகாப்பு அமைச்சும். வோக்கிடோக்கிக்கும் வயர்லஸ் மைக்குக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. சுற்றுலா விசாவில் வந்து வேலை செய்ய இடமில்லை. “சும்மா கலியாண வீடியோ எண்டு சொல்லுவம்” என்ற யோசனை கட்டுநாயக்கா விமானநிலையத்தில் பெட்டியைத் திறந்ததும் முடிந்துவிடும்.

கருவிப்பட்டியலில் லென்ஸ் வரைக்கும் தொடர் இலக்கம் இருக்கவேண்டும். கமெராவை மட்டும் எழுதிவிட்டு மற்றதெல்லாம் ‘உதிரிப்பாகம்’ என்று போட்டால், திரும்பிப் போகும்போது எது கொண்டுவந்தது, எது இங்கே விற்றது என்ற கேள்விக்கு மறுமொழி இராது. பற்றறி 100 வாட்-மணிக்கு உட்பட்டால் கைப்பையில் வரும். 100 முதல் 160 வரை விமானக் கம்பனியின் அனுமதியோடு ஒருவருக்கு இரண்டு மட்டும்.

இவர்களுடைய விலைப்பட்டியல் வந்ததும் மொத்தத் தொகையைப் பார்க்க முதல் பயண நாளைப் பாருங்கள். கொழும்பிலிருந்து கிளிநொச்சி ஏறத்தாழ 330 கிலோமீற்றர். சாமான் ஏற்றிய வான் 7 மணித்தியாலத்துக்குக் குறைந்து வந்துசேராது. போக ஒரு நாள், வர ஒரு நாள். 4 நாள் வேலைக்கு 6 நாள் கூலியும் தங்கலும்.

இதைவிடப் பெரிய கோளாறு பட்டியலில் தெரியாது. கொழும்பு யாழ்ப்பாணத்தில் ஒருவரைப் பிடிக்கும், அவர் கிளிநொச்சியில் ஒருவரைப் பிடிப்பார், அவர் தன் மச்சானை அனுப்புவார். கடைசியாக வயலில் வந்து நிற்கும் ஆளுக்குக் காசும் தேய்ந்து போயிருக்கும், தகவலும் தேய்ந்து போயிருக்கும். வேலை நெல்லறுப்பா நேர்காணலா என்றுகூட அவருக்குத் தெரியாது. “வன்னியில் எங்களோடு நிற்கப்போவது யார், அவரோடு இப்போதே கதைக்கலாமா?” என்று கேளுங்கள். பெயர் வரச் சுணங்கினால் சங்கிலி நீளம் என்று விளங்கிக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்து ஃபிக்ஸர்

பெரும்பாலும் ஊடகத்துறையில் இருப்பவர். வெளிநாட்டுக் குழுவோடு பழகியவர், ஆங்கிலம் ஓடும், சிங்களமும் சமாளிப்பார். நேர்காணலை அந்த இடத்திலேயே மொழிபெயர்க்கவும் மறுநாள் அட்டவணையை மாற்றவும் இவரைப்போல ஆள் கிடைக்காது. செய்தி ஆவணப்படத்துக்கு இவரே முதல் தெரிவு.

பிரச்சினை ஒரே முகங்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் தொடர் போராட்டம் தொடங்கியதிலிருந்து எத்தனையோ கமெராக்கள் அந்தத் தாய்மாருக்கு முன்னால் வந்து போய்விட்டன. எந்தக் கேள்விக்கு எங்கே நிறுத்திக் கண்ணைத் துடைப்பது என்பதுவரை கேட்கிறவருக்கே மனப்பாடம். அவசரத்தில் இருக்கும் ஃபிக்ஸர் அந்த இரண்டு மூன்று பேரின் இலக்கத்தைத்தான் அழுத்துவார். புது ஆட்கள் வேண்டுமென்றால் தேடுவதற்கென்று இரண்டு நாள் கூலி தனியாகக் கொடுக்கவேண்டும். அதைக் கொடுக்காமல் அவரைக் குறைசொல்வது நியாயமில்லை.

மற்றது, யாழ்ப்பாணம் வன்னி இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவு தாண்டி மொத்தம் 65 கிலோமீற்றர் வந்துதான் கிளிநொச்சி. புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு இன்னும் தள்ளி. விடியப்புறக் காட்சி என்றால் அவரும் முதல்நாள் இரவே வந்து தங்கவேண்டும். தங்கல் செலவு யாருடையது என்று எழுதாவிட்டால் ஐந்தரைக்கு வரவேண்டியவர் ஏழரைக்கு வருவார். அதற்குள் வெயில் ஏறிவிடும்.

ஊரில் இருக்கும் ஆள்

வித்தியாசம் ஒரு கேள்வியில் தெரிந்துவிடும். முல்லைத்தீவின் நந்திக்கடல் களப்பில் விடிய ஐந்தரைக்கு ஒரு வள்ளம் வேண்டும் என்று மூன்று பேருக்கும் செய்தி அனுப்பிப் பாருங்கள். கொழும்பிலிருந்து “பிரச்சினையில்லை” என்று வரும். யாழ்ப்பாணத்திலிருந்து “ஒரு ஆளிட்டைக் கேட்டுச் சொல்லுறன்” என்று வரும். ஊர்க்காரர் திருப்பிக் கேட்பார்:

“எந்தக் கரை தம்பி? வட்டுவாகல் எண்டால் நேவி காம்ப் இருக்கு, கமெரா அந்தப் பக்கம் திரும்பேலாது. கேப்பாப்பிலவுப் பக்கம் நிண்டால் சூரியன் தண்ணிக்கு மேலாலை வரும். வள்ளக்காரர் இராத் தொழிலுக்குப் போட்டு வாற நேரம் அது. இறாலை இறக்கிப்போட்டு வாறதெண்டால் ஆறு மணி செல்லும். அவையின்ரை அண்டைய உழைப்பையும் சேர்த்துக் குடுக்கவேணும். மீன்பிடிச் சங்கத் தலைவரிட்டை முதல்லை ஒரு சொல்லுச் சொல்லுவம்.”

கரை, வெளிச்சம், காம்ப், கூலி, சங்கம்: ஐந்தும் ஒரே மூச்சில் வந்துவிட்டது. இப்படிப்பட்டவர் இணையத்தளம் வைத்திருக்கமாட்டார். 2009க்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனங்களில் கள உத்தியோகத்தராக வேலை செய்தவர்களைத் தேடுங்கள். எந்த வீதி மாரியில் முறியும், எந்தப் பிரதேச செயலகத்தில் யாரிடம் கடிதம் கொடுப்பது, கிராம அலுவலர் எத்தனை மணிக்கு அலுவலகத்தில் இருப்பார் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைப்பாடம். கலியாண வீடியோ ஸ்ரூடியோக்காரர் அடுத்த தெரிவு; கமெரா தெரியும், கடிதம் தெரியாது.

ஊர் ஆள் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணம் கண்ணிவெடி. இலங்கை 2017இல் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. முகமாலை போன்ற இடங்களில் அகற்றும் வேலை நீண்டுகொண்டே போனது. ஆபத்து நேர்காணல் நடக்கும் முற்றத்தில் இல்லை. ‘ஒரு வைட் ஷொட் மட்டும் எடுத்துக்கொண்டு வாறன்’ என்று கமெராக்காரர் தனியாகப் பனை வடலிக்குள் இறங்கும் அந்தப் பத்து அடியில்தான் இருக்கிறது. மண்டையோட்டுப் பலகை இல்லை என்பதால் நிலம் சுத்தம் என்று அர்த்தமில்லை. ஆள் நடந்த தடம், உழுத நிலம். ஊர்க்காரர் முன்னால் நடக்க, அதற்கு வெளியே கால் வைக்காதீர்கள்.

குறையும் உண்டு. ‘டேக்’ ஓடும்போது தொலைபேசி எடுத்துக் கதைப்பார். பற்றுச்சீட்டு கேட்டால் கொப்பித் தாளில் எழுதித் தருவார். உங்கள் கணக்காளருக்கு அது செல்லாது. பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுங்கள். காப்புறுதி கிடையாது, அவரையும் சாரதியையும் கொழும்புக் கம்பனியின் காப்புறுதிப் பட்டியலில் பெயரோடு சேர்ப்பிக்கவேண்டும்.

வெளிச்சச் சாமான்

நல்ல லைற் கொழும்பில், ஜெனறேற்றர் ஊரில். கிளிநொச்சி சவுண்ட் சேர்விஸ் கடைகளில் கிடைப்பது சத்தமான ரகம். மைக்கில் விழாமலிருக்க வீட்டுக்குப் பின்னால் 60 மீற்றராவது தள்ளி வைக்கவேண்டிவரும். கடைக்காரர் தரும் 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 2 கிலோவாட் லைற் போட்டால் அந்தத் தூரத்தில் 12 வோல்ற்றுக்கு மேல் விழும், 2.5 வயர் என்றால் 8 வோல்ற் அளவில் நிற்கும். வயர்ச் சுருளை முழுக்க அவிழ்த்துப் போடச் சொல்லுங்கள். சுற்றியபடி ஓடவிட்டால் சூடேறி உருகும்.

கனடாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று: இங்கே மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அங்கத்தைய பழக்கத்தில் ஷட்டரை 1/60இல் வைத்துக் கடைக்குள் ரியூப்லைற் வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் பட்டி பட்டியாக ஓடும். 1/50 அல்லது 1/100. 24 பிரேமில் எடுப்பதென்றால் ஷட்டர் கோணம் 172.8 பாகை.

சொந்தக்காரர்

வானுக்கும் சாப்பாட்டுக்கும் நல்லவர். அவரைப் பொறுப்பாளராக்காதீர்கள். நாட்கூலி பேச வெட்கப்படுவார், மனதுக்குள் கணக்கு வைத்திருப்பார், கடைசி நாளில் மாமி வாயால் அது வெளியே வரும். வானின் காப்புறுதி வாடகை ஓட்டத்துக்குச் செல்லுமா என்பதையும் முதலே பாருங்கள்.

எப்படிப் பிரிப்பது

கதைப்படத்துக்கு எங்கள் தெரிவு: அனுமதி, சுங்கம், கமெரா வாடகை, காப்புறுதி ஆகியவற்றுக்கு மட்டும் கொழும்புக் கம்பனி, ஊர் ஆளோடு நேரடியாகத் தனி ஒப்பந்தம். கம்பனிக்கு இது பிடிக்காது. “எல்லாம் எங்களூடாக வரட்டும்” என்பார்கள். விட்டுக்கொடுக்க வேண்டாம். மூன்று பேர், ஒரு கமெரா, ஒரு கிழமை என்ற சின்ன ஆவணப்படத்துக்கு யாழ்ப்பாண ஃபிக்ஸரும் ஊர் ஆளும் போதும்; அங்கீகாரக் கடிதத்தை ஃபிக்ஸரே பார்த்துக்கொள்வார்.

கொழும்புக் கடிதம் கையில் இருந்தாலும் வன்னியில் அது பாதிதான். பிரதியை மாவட்டச் செயலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் ஊர் ஆள் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்கவேண்டும். இரணைமடு அணைக்கட்டு என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம், சுண்டிக்குளம் என்றால் வனசீவராசிகள் திணைக்களம், கோயில் என்றால் பரிபாலன சபை. இதற்கு 4 வேலைநாள் ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை தொடங்கினால் சனி, ஞாயிறு, இடையில் போயா (பௌர்ணமி விடுமுறை) வந்தால் அதுவும் என்று கிழமை போய்விடும்.

ஒப்பந்தத்தில் எழுதவேண்டியது: ஒரு நாள் என்றால் எத்தனை மணித்தியாலம், எரிபொருள் யாருடையது, சாரதியின் இரவுத் தங்கல், மழையால் நின்றால் அரை நாளா முழு நாளா. ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை வருகிறவர்கள் இந்தக் கடைசி வரியை விடவே கூடாது. நவம்பர் மழையில் குளங்கள் நிரம்பி வான்பாய்ந்தால் உள்வீதி எல்லாம் அடைபடும். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் வீதி திறந்திருக்கும், ஆனால் மைக்குக்கு மயிர்ப்போர்வை இல்லாமல் வெளியில் ஒரு வசனமும் எடுக்கேலாது.

இன்னொரு வரியும் சேருங்கள்: குழு விமானம் ஏறிய பிறகு இரண்டு கிழமைக்கு ஊர் ஆளுக்கு அரைக்கூலி. யார் வந்தது, என்ன கேட்டது என்று விசாரிக்க ஆட்கள் அவருடைய படலைக்குத்தான் வருவார்கள். நேர்காணல் தந்த அம்மாவும் ‘என்ரை கதை எப்ப வரும் தம்பி’ என்று அவரிடம்தான் கேட்பார்.