கடலடியில் விடுவதா, கரைக்கு எடுப்பதா?

மெந்தகாப்பில் நான் தேநீர் குடிக்கும் கடைக்கு எதிரே பழைய இரும்புக் கடை. ரப்பர் ஆலை உருளையானாலும் கோயில் மணியானாலும் தராசில் ஏறிவிட்டால் கிலோ கணக்குதான். மலேசியாவின் குவாந்தான் கடலில் கிடக்கும் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும் சிலருக்கு அப்படித்தான் தெரிகின்றன. 1941 டிசம்பர் 10 அன்று ஜப்பானிய விமானங்கள் அவற்றை மூழ்கடித்தன. 840 பேர் மாண்டார்கள். 2023 மே மாதம் மலேசியா தடுத்துவைத்த சீனக் கப்பலில் பழைய பீரங்கிக் குண்டுகள் இருந்தன; இந்தக் கப்பல்களிலிருந்து திருடியவை என்று சந்தேகம்.

"திருடன் கொண்டுபோவதற்கு முன் நாமே எடுத்துவிடலாமே அண்ணே?" என்கிறார் கடைத் தம்பி. அதற்கும் முன்னுதாரணம் உண்டு. 2002இல் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' கப்பலின் மணியை பிரிட்டிஷ் அரசின் அனுமதியோடு எடுத்து லிவர்பூல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள்.

ஆனால் எடுப்பது எளிது, காப்பது கடினம். உப்பேறிய இரும்பை அப்படியே உலரவிட்டால் வெடித்து, ஏடு ஏடாக உதிரும். மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், கரைசலில் ஊறவைத்து உப்பை இறக்க வேண்டும். வீட்டு அலமாரியில் அதற்கு வழியேது? கிடந்த இடத்திலேயே விட்டால் எது எதனருகே விழுந்தது என்ற சாட்சியமாவது மிஞ்சும். நீரடி மரபுடைமையைக் காப்பதற்கான யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கையும் அதையே முதல் வழியாகக் கருதச் சொல்கிறது.

என் ஓட்டு விட்டுவைப்பதற்கே. மணி போன்ற ஒன்றிரண்டு மட்டும் விதிவிலக்கு, அதுவும் அனுமதியோடு. மலேசியாவின் 2005 தேசிய மரபுடைமைச் சட்டப்படி, கடலடியில் இத்தகைய பொருளைக் கண்டவர் அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும். எதிர்க்கடைத் தராசுக்கு அல்ல.